ஆற்றுப்படுத்துநர் தேவை, அறை கிடையாது

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலைவாய்ப்பு அறிவிப்பை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். டெண்டர் விளம்பரத்துக்கும் காணவில்லை விளம்பரத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும். ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சலர், ஒரு பணியிடம், முற்றிலும் தற்காலிகமானது, தொகுப்பூதியம் மாதம் ரூ.18,536. மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசுத் திட்டத்துக்காக 2022இல் போட்ட கணக்கு இது. அதே அலகில் கணக்காளருக்கும் 18,536தான். தரவுப் பகுப்பாய்வாளருக்கும் 18,536தான். அரசின் சமத்துவ உணர்ச்சியை மெச்சத்தான் வேண்டும். ஒருவர் வவுச்சர் ஒட்டுகிறார். ஒருவர் எக்ஸலில் கட்டம் நிரப்புகிறார். ஒருவர், சொந்தக்காரனால் சிதைக்கப்பட்ட ஒன்பது வயதுக் குழந்தையின் எதிரே உட்கார்ந்து, அது வாய் திறக்கும்வரை காத்திருக்கிறார். மூன்றும் மேசை வேலைதானே!

கூர்நோக்கு இல்லத்துப் பகுதிநேர ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்னும் எளிது. வருகைக்கு ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம், பஸ் காசும் அதிலேயே அடக்கம். 'மதிப்பூதியம்' என்றால் மதிப்பு முழுதாக உண்டு, ஊதியத்தைத்தான் தேட வேண்டும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் "சைக்காலஜி எடுக்கப் போறேன், கவுன்சலிங் பண்ணப் போறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். வகுப்பில் யாராவது அழுதால் சத்தமில்லாமல் பக்கத்தில் போய் உட்காரும் ரகம். வீட்டில் முதலில் "பைத்தியங்களோட பேசிப் பேசி நீயும் கீழ்ப்பாக்கம் போகப் போறியா?" என்பார்கள். 1794இல் தொடங்கிய மருத்துவமனை அது. இரண்டே கால் நூற்றாண்டாக மருத்துவம் பார்த்தும் நமக்கு அது இன்னும் வசவுச் சொல்லாகவே இருக்கிறது. அந்தப் பயம் தெளிந்ததும் அப்பா அடுத்ததைக் கேட்பார்: "சரி, அதுக்கு எவ்வளவு கொடுப்பான்?" அதற்கான பதிலைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு உள்ளது உள்ளபடி வழிகாட்ட ஆள் இல்லையே என்ற ஆதங்கத்தில், இந்தத் தொழிலுக்கு இந்த நாட்டில் எப்படித் தயாராவது என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன்.

நீண்ட வழி ஒன்று இருக்கிறது. முதுகலை உளவியல், அதன்மேல் மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் இரண்டு ஆண்டு மருத்துவ உளவியல் எம்.ஃபில்., வார்டிலேயே கிடந்து நோயாளிகளைப் பார்த்து, வழக்குக் குறிப்பு எழுதி, தேர்வில் தேறி, பதிவு எண் வாங்குவது. இப்படிப் படிப்பவர்கள் உலகம் தெரியாதவர்கள். நாடு முழுக்கச் சேர்த்தாலும் சீட்டு சொற்பம். போதாததற்கு எம்.ஃபில். என்ற பட்டமே வேண்டாம் என்று புதிய கல்விக் கொள்கை முடிவு செய்துவிட, இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 வரை என்று யுஜிசி உயிர்ப்பிச்சை போட்டது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாத நாடு இது. கணக்குப்படி முக்கால் மருத்துவர். அந்த முக்கால் ஆளுக்குத் துணைநிற்க வேண்டியவர்களை உருவாக்கும் படிப்பின் கழுத்தில் கெடு தேதியைக் கட்டித் தொங்கவிட்டால்தானே ஆட்சி நடக்கிறது என்று மக்களுக்குத் தெரியும்?

ஆகவே புத்தியுள்ளவர்கள் குறுக்கு வழிக்கு வாருங்கள். சனி, ஞாயிறு, ஜூம் வகுப்பு. கேமரா அணைந்திருக்கும், மைக் மட்டும் யாருக்கோ திறந்திருக்கும். மனச்சோர்வின் அறிகுறிகளை ஆசிரியர் விவரிக்கும்போது மூன்றாவது விசில் வந்துவிடும், "அடுப்பை அணைடி" என்று ஒரு குரலும் வரும். ஞாயிறு சாயங்காலம் பிடிஎஃப்பில் சான்றிதழ். தங்க நிற முத்திரை, 'சர்வதேச அங்கீகாரம்' என்ற வாசகம். எந்த தேசம் என்பது மட்டும் அச்சாகியிருக்காது. திங்கள் காலை நீங்கள் இன்ஸ்டாகிராமில் மனநல ஆலோசகர், லைஃப் கோச், டிராமா ஹீலர். ஒரு மாதம் கழித்து அதே வகுப்பை நீங்களே நடத்தலாம். உண்மையில் இந்தத் தொழிலில் காசு புழங்கும் இடமே அதுதான். துக்கப்படுகிறவனிடம் காசு இருக்காது. துக்கத்தைத் துடைக்க ஆசைப்படுகிறவனிடம் கொஞ்சம் இருக்கும்.

தபால் வழியில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒரு துக்கச் செய்தி. உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025இல் யுஜிசி தடைபோட்டுவிட்டது. எதிரே உட்கார்ந்து ஒரு மனிதனின் முகத்தைப் பார்க்கிற தொழிலை, யார் முகத்தையும் பார்க்காமலே படித்துப் பட்டம் வாங்கலாம் என்று பல்கலைக்கழகங்கள் காலங்காலமாகக் கல்லா கட்டின. கட்டியதைக் கட்டிய பிறகு ஞானம் பிறந்திருக்கிறது. அந்தப் பட்டத்தை நம்பி நகையை அடகுவைத்துப் படித்தவர்கள் தங்கள் மன உளைச்சலுக்கு யாரிடம் போவது என்று சுற்றறிக்கையில் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

இதுவும் வேண்டாமா? விரல் ரேகைத் தொழில் இருக்கிறது. ஒரு ஸ்கேனரை வாங்கிக்கொண்டு மெட்ரிக் பள்ளிக்குப் போங்கள். பத்து விரல் ரேகையையும் பதிந்து, மூளையின் எந்த மடல் எத்தனை சதவீதம், பிள்ளை டாக்டரா டான்ஸரா என்று பளபளக்கும் வண்ண அறிக்கை கொடுக்கலாம். பெற்றோரிடமிருந்து ஆயிரக்கணக்கில் கறக்கலாம். பள்ளிக்கும் பங்கு கொடுத்தால் பெற்றோர் கூட்டத்திலேயே மேசை போட்டுத் தருவார்கள். அறிவியல் ஆதாரம் ஒரு துளி கிடையாது. அதனால் என்ன, கிளி ஜோசியருக்கு மட்டும் இருந்ததா? அவராவது கிளிக்கு நெல் போட்டார்.

"இதையெல்லாம் சட்டம் கேட்காதா?" என்று அப்பாவியாகக் கேட்காதீர்கள். தெருமுனையில் டீக்கடை போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். தற்கொலை எண்ணத்தோடு வருகிறவனை உட்கார வைத்துப் பேச, ஒரு பலகையும் ஒரு பெயிண்டரும் போதும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநலப் பணியாளர் என்று பட்டியல் போட்டபோது மருத்துவரை, மருத்துவ உளவியலாளரை, செவிலியரை, சமூகப் பணியாளரைச் சேர்த்தது. வெறும் ஆலோசகர் அதில் ஆளே இல்லை. துணைநலத் தொழில்களுக்கான சட்டம் 2021இல் வந்தது, அதில் இவர்களுக்கும் ஓர் ஓரத்தில் பாய் விரித்தார்கள். ஆனால் பதிவு செய்ய வேண்டிய மாநில கவுன்சில்களை அமைக்காமல் அரசுகள் இழுத்தடித்ததற்கு 2024இல் உச்ச நீதிமன்றம் குட்டு வைக்க வேண்டியிருந்தது. குட்டு வாங்கிய தலைகள் எல்லாம் பழகிய தலைகள், வலித்திருக்காது.

உண்மையான பயிற்சி எப்படி இருக்கும் என்பதையும் ஒரு மூலையில் சொல்லி வைக்கிறேன், யாருக்காவது பயன்படலாம். பயிற்சியில் இருக்கிறவர், தான் நடத்திய உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வர வேண்டும். வந்தவர் அனுமதித்தால் ஒலிப்பதிவு. இல்லையென்றால் நினைவிலிருந்து, மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது உட்பட. மேற்பார்வையாளர் அதைச் சிவப்பு மையோடு படிப்பார். அப்படி ஒரு தாளைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கல மேடம்" என்கிறாள் பத்தாம் வகுப்புப் பெண். பயிற்சியில் இருப்பவர் சொல்கிறார்: "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுமா, அம்மா அப்பா உனக்காகத்தானே கஷ்டப்படறாங்க?" அடுத்த வரியில் அந்தப் பெண், "சரி மேடம்." அதோடு முடிந்தது உரையாடல். ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தது: 'அவள் கதவைத் திறந்தாள். நீங்கள் சாத்திவிட்டீர்கள்.'

பயிற்சியில் இருந்த அவர் நம்மில் ஒருவர்தான். ஊரில் யார் அப்படிச் சொல்லாமல் இருந்திருப்பார்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முதல் கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா வரை அறிவுரை இங்கே இலவசம், கேட்காவிட்டாலும் கிடைக்கும். அதனால்தான் அறிவுரை சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு கேட்பது இந்தப் படிப்பிலேயே கடினமான பாடமாகிறது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957லேயே எழுதிவைத்தார்: எதிரே இருப்பவரை நிபந்தனையின்றி மதிப்பது, அவர் நிலையில் நின்று உணர்வது, நடிக்காமல் இருப்பது. மூன்று விஷயம்தான். ஆனால் அது உடம்பில் ஊற வருடக்கணக்கில் ஒருவர் கூடவே உட்கார்ந்து சிவப்பு மை ஊற்ற வேண்டும். எந்தக் கேஸைத் தன்னால் தாங்க முடியாது, எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்க முடியும். பட்டம் கொடுக்கிற இடங்களில் அந்த மேற்பார்வையாளருக்குச் சம்பளம் ஒதுக்கியிருப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கருத்தரங்குக் கூடத்துக்கு ஏசி ஒதுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எப்படியோ தயாராகிவிட்டீர்கள். பள்ளியில் வேலையும் கிடைத்துவிட்டது. உங்கள் அறை எது? விளையாட்டுச் சாமான் அறையில் கேரம் போர்டுகளுக்கும் ஆண்டு விழா கிரீடங்களுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. பிடி மாஸ்டர் பந்தெடுக்க எப்போது வேண்டுமானாலும் வருவார். கணக்கு டீச்சர் லீவு போட்டால் நீங்கள்தான் வகுப்பைப் பார்த்துக்கொள்வீர்கள். தேர்வு நாளில் மேற்பார்வை. அட்மிஷன் சீசனில் வாசலில் நின்று பெற்றோரிடம் சிரிப்பது. ஒரு பிள்ளை உங்களிடம் அழுதுவிட்டுப் போன அரை மணி நேரத்தில் பிரின்ஸிபால் கூப்பிடுவார்: "என்ன சொன்னா அவ?" ரகசியம் காக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். ரகசியத்துக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று அவர் நினைவுபடுத்துவார்.

ரகசியம் காக்கக் கூடாத ஒரே இடம் வரும்போது நாடகம் தலைகீழாகும். ஆசிரியர் ஒருவர் தன்னைத் தொட்ட விதத்தை அந்தப் பிள்ளை சொல்லிவிடுகிறது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் சிறை, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. அதுவரை "என்ன சொன்னா?" என்று துருவிய அதே வாய் இப்போது சொல்லும்: "மேடம், எதுவும் எழுத்துல வேண்டாம். நீங்க பாப்பாகிட்டப் பேசி சரி பண்ணிடுங்க, அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்?" சரி பண்ணுவது என்றால் என்னவென்று உங்களுக்குப் புரிந்துவிட்டால் தொழில் ரகசியம் புரிந்துவிட்டது. பாப்பாவைச் சரி பண்ண வேண்டும். வாத்தியாரை அல்ல.

கல்லூரியில் இத்தனை சிரமம்கூட இல்லை, ஆளே வேண்டாம். நூறு மாணவரோ அதற்குமேலோ படிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. தீர்ப்பைப் படித்து மேலாண்மை வட்டாரம் பதறியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியர் ஒருவருக்குக் 'கூடுதல் பொறுப்பு' எழுதிக் கையெழுத்து வாங்கினால் ஆயிற்று. ஏற்கெனவே தரமதிப்பீட்டுக்கு வரும் நாக் கமிட்டிக்காக மென்டார் நோட்டு என்று ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் கைதேர்ந்தவர்கள். கமிட்டி வருவதற்கு முந்தைய ராத்திரி ஸ்டாஃப் ரூமில் டீயும் பஜ்ஜியும் வரவழைத்து, ஒரே பேனாவில், ஒரே மூச்சில் மூன்று வருடத்துக் கவலைகளை எழுதி முடிப்பார்கள். 'கண்டறியப்பட்ட பிரச்சினை: குடும்பம். வழங்கிய ஆலோசனை: நன்றாகப் படிக்கவும்.' அடுத்த மாணவர். 'பிரச்சினை: பயம். ஆலோசனை: பயப்பட வேண்டாம்.' மாணவர் கையெழுத்தையும் போட ஆள் இருக்கிறது. செத்துப்போன பையனுக்கும் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதும் நோட்டு அது.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. எண்ணிக்கையில் நாம் எப்போதும் சுத்தம். அதற்கு என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கண்டுபிடிப்பு. ராஜஸ்தானின் கோச்சிங் நகரமான கோட்டாவின் விடுதிகளில் மின்விசிறிக்கு ஸ்பிரிங் மாட்டச் சொல்லி 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. பாரம் தொங்கினால் விசிறி கீழே இறங்கிவிடுமாம். பதினாறு வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்து, வாரத் தேர்வு வைத்து, ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டி, கடைசி பெஞ்சுக்கு விரட்டும் தொழிற்சாலையைத் தொடாதே, விசிறியைத் தொடு. ஸ்பிரிங்குக்குத் தொகுப்பூதியம் வேண்டாம், அது பதில் பேசாது, நிர்வாகத்தைக் காட்டிக்கொடுக்காது. கோச்சிங் கடைகள் ஆலோசகர் வைக்க வேண்டும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் விட்டது. வைத்திருப்பார்கள், கட்டண ரசீதில் தனி வரியாக.

நம் மாநிலம் ஸ்பிரிங் மாட்டவில்லை, அது ஓர் ஆறுதல். நீட் எழுதிய பிள்ளைகளுக்கு 2021இல் அரசே போன்போட்டு ஆலோசனை சொன்னது. 2022இல் 'நட்புடன் உங்களோடு' என்று 14416 உதவி எண் வந்தது, நல்ல காரியம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணில் எடுத்துப் பேசுகிறவரைக் கேலி செய்யும் நாக்கு என்னிடம் இல்லை. அவரிடம் ஏன் இத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பரீட்சையை வைத்தவன், அதற்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கியவன், "ஒன் மார்க்ல போச்சே, மானம் போச்சே" என்று சாப்பாட்டுத் தட்டின் எதிரே நின்று கத்தியவன், இத்தனை பேரும் செய்து முடித்த பிறகு ஒரு ஒப்பந்தப் பணியாளர் போனை எடுத்து "சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்கிறார். இந்த நாட்டில் முதன்முதலாக ஒருவர் அந்தப் பிள்ளையிடம் சொல்லும் வாக்கியம் அது. அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறதோ தெரியாது.

நாங்குநேரியை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஆகஸ்டில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஐநூறு மாணவருக்குமேல் உள்ள பள்ளிக்கு ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பதும் அதில் ஒரு பரிந்துரை. அறிக்கையைப் படித்தவர்களைவிட, சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறை எடுக்கச் சொல்லலாமா என்று கொதித்தவர்கள் அதிகம். கயிறு கட்டிய கைகளுக்குக் கட்சி உண்டு, சங்கம் உண்டு, ஃப்ளெக்ஸ் உண்டு. வெட்டுப்பட்டவனுக்கு? "பையனுக்கு நல்ல கவுன்சலிங் கொடுக்கணும்" என்றார்கள் டிவியில். வெட்டுப்பட்டவனுக்குக் கவுன்சலிங்! வரதட்சணைக் கொடுமைக்கு ஆளானவளுக்குக் கவுன்சலிங், விடுதியில் புழு நெளியும் சோற்றை எதிர்த்த மாணவிக்குக் கவுன்சலிங், சாதி மீறிக் காதலித்த பெண்ணுக்குக் காவல் நிலையத்திலேயே பெஞ்சில் உட்கார வைத்துக் கவுன்சலிங். அடித்தவன் எவனாவது எந்த ஊரிலாவது கவுன்சலிங்குக்கு வரிசையில் நின்றிருக்கிறானா? அவனுக்கு மனசு சரியாகத்தான் இருக்கிறது, அதில் என்ன கோளாறு?

இதுதான் உங்களுக்கு வைத்திருக்கும் வேலை, பிள்ளைகளே. காயத்தை ஆற்றுகிறவர் இங்கே யாருக்கும் தேவையில்லை. காயம்பட்டவன் கத்தாமல் பார்த்துக்கொள்கிறவர்தான் தேவை. அதற்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு ரூபாய் சற்று அதிகம் என்றுகூட நிதித்துறை நினைக்கலாம். உங்களுக்கு அந்த வேலையைச் செய்ய மனசு வராதென்றால், "எழுத்துல வேண்டாம்" என்கிற பிரின்ஸிபாலின் கண்ணெதிரே பேனாவை எடுத்து எழுதுகிற ரகம் என்றால், தைரியமாகப் படியுங்கள். சிவப்பு மைக்கு ஆள் தேடிக்கொள்ளுங்கள். அடுத்த வருட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பதையும் இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

நேர்காணலுக்கும் தயாராக வேண்டுமே. ஆட்சியர் அலுவலக மாடியில், காலை பத்து மணி என்று போட்டு மதியம் மூன்றுக்குக் கூப்பிடுவார்கள். போக்சோவோ ரோஜர்ஸோ நெட்டுரு போட வேண்டாம். ஃபைலைப் புரட்டியபடி ஒருவர் கேட்பார்: "கல்யாணம் ஆயிடுச்சா? டூவீலர் இருக்கா?" இன்னொருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, முக்கியமான கேள்விக்கு வருவார்: "எக்ஸல் தெரியுமா உங்களுக்கு? கணக்காளர் சீட்டு காலியா இருக்கு, அதையும் நீங்களே பார்த்துக்கணும்."